பல் பட்டறையில் நடந்த மாளிகைக் கொலைகள்

உங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், உங்கள் மனத்தில் முதலில் தோன்றுகிற முகம் யாருடையது? அவசரப்பட்டு நல்ல பதில் சொல்ல வேண்டாம். பக்கத்தில் யாரும் கேட்கப்போவதில்லை, உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டைப் பெருக்க வருகிறவரா? குழாய் சரிசெய்ய வந்தவரா? உங்கள் மைத்துனரா? மைத்துனர் முகம் தோன்றியிருந்தால், ஒன்று நீங்கள் நேர்மையானவர், இல்லையென்றால் உங்களுக்கு மைத்துனரைப் பிடிக்காது. நம்மில் பெரும்பாலோருக்குத் தோன்றுவது நம்மைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஒருவரின் முகம்தான். முகம் முதலில் வந்துவிடும். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்வோம்.

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் பல் செட் செய்கிற ஒரு பெண்மணி. கேட்கும்போது என் வாயில் மெழுகு இருந்தது. அதனால் நான் பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

புதிதாகக் கட்டிய என் மேல்வரிசை செட்டில், முன்பற்களைச் சுற்றி மெல்லிய விரிசல்கள் ஓடியிருந்தன. வறண்ட குளத்து மண் போல. வாங்கித் தந்த பெரிய கிளினிக்கில் கேட்டால், "பட்டறைக்காரங்க தப்பு" என்று கைகழுவினார்கள். நேரே பட்டறைக்கே போய்ச் சத்தம் போடலாம் என்று கிளம்பினேன். போனபோது அங்கே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. எனக்கு வேறு செட் செய்துகொண்டே அந்த அம்மா சொன்னதும், மற்றவர்கள் குறுக்கே புகுந்து திருத்தியதும் சேர்ந்ததுதான் இந்தக் கதை.

பட்டறை ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. நீளமான ஒரு மேஜை. அதன்மேல் மெழுகு உருக்குவதற்கான சின்னச் சின்ன ஸ்பிரிட் விளக்குகள். சுவர் அலமாரி முழுக்க, யார் யாருடையதோ பிளாஸ்டர் தாடைகள். மூலையில் அடுப்பின்மேல் ஒரு தொட்டி. அதற்குள், செட்டுக்கான பிளாஸ்டிக் அடைத்த பித்தளை அச்சுகள் வெந்நீரில் வெந்துகொண்டிருக்கும். எதிர்மூலையில் பிளாஸ்டிக் திரை கட்டி, அதற்குள் பாலிஷ் மோட்டார். கதவோரம் முதலாளியின் கண்ணாடி அறை. அந்த அறை மேஜையில் ஒரு கால்குலேட்டர், ஒரு ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு உருண்டை, பெரிய கிளினிக்கின் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டிகள். மற்ற டாக்டர்களுக்குப் போகிற செட்டுகளை ஈரத்துணியில் சுற்றி அனுப்புவது மெழுகு வேலை செய்கிற, எல்லோரும் சித்தி என்று கூப்பிடுகிற அம்மாவின் பொறுப்பு. பெரிய கிளினிக்குக்குப் போவதை மட்டும் முதலாளி யாரையும் தொட விடமாட்டார். அவரே பெட்டியில் வைத்து, அவரே நூல் கட்டுவார். தொழில் அவர்களால்தான் ஓடுகிறது.

நம் பெண்மணியின் வேலை பல் அடுக்குவது. இழுப்பறையில் வெள்ளை, மஞ்சள், பழுப்பு என்று நிறம் பிரித்து வைத்திருக்கும் பற்களை எடுத்து, ஒவ்வொன்றாக மெழுகில் நட்டு, ஒரு முகத்துக்குச் சிரிப்பைத் திருப்பித் தருவது. ஐம்பதைத் தாண்டியவர். முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே அங்கே இருக்கிறார். அவரை எல்லோரும் துப்பக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். துப்பறியும் கதை சொல்கிற அக்கா.

பெயருக்குக் காரணம் ஒரு புத்தக அலமாரி. கிளினிக் ஒன்றில் நோயாளிகள் காத்திருக்கும் அறையைப் புதுப்பித்தபோது, அங்கிருந்த பழைய ஆங்கிலப் புத்தகங்களை எடைக்குப் போடப் போனார்கள். பல் செட் கொடுக்கப் போயிருந்த துப்பக்கா, "போடறதை எனக்கே போடுங்க" என்று ஒரு சாக்கு நிறைய வாங்கி வந்துவிட்டார். பார்த்தால் அத்தனையும் கொலைக் கதைகள். இரண்டு உலகப்போர்களுக்கு நடுவே பிரிட்டனில் எழுதப்பட்டவை. பெரிய மாளிகை, வெளியே பனி, உள்ளே விருந்தாளிகள், நூலக அறையில் ஒரு பிணம்.

"பல்லு பிடுங்கக் காத்திருக்கிறவன் எதுக்குக் கொலைக் கதை படிக்கிறான்னு எனக்கு முதல்ல புரியல" என்றார் துப்பக்கா. "படிச்சப்புறம்தான் தெரிஞ்சது. உள்ள போனா என்ன நடக்கும்னு தெரியாத பயம் இருக்கு பாருங்க, அதுக்கு இதுதான் மருந்து. இங்க கடைசியில எல்லாம் தெரிஞ்சிரும்."

பள்ளிக்கூட இங்கிலீஷையும் ஒரு தடித்த அகராதியையும் வைத்துக்கொண்டு அவர் இரவில் படித்ததைப் பகலில் பட்டறையில் தமிழில் சொன்னார். பல் அடுக்கும்போது கையும் கண்ணும்தான் மாட்டிக்கொள்கின்றன. வாய் சும்மாதான் இருக்கிறது. தொட்டியில் அச்சு வேகிற நேரத்துக்கு ஓர் அத்தியாயம். பிளாஸ்டர் கலக்குகிற ஆள், எல்லோருக்கும் மாவு அண்ணன், கேள்வி கேட்டே கதையைக் கெடுப்பார். மெழுகுச் சித்தி கதை நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டார். திரைக்குள் இருக்கும் பாலிஷ் தம்பிக்கு மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்காது. கதை சூடு பிடிக்கிறபோது அவன் மோட்டாரை நிறுத்துவான். மோட்டார் நின்றால் கதை நன்றாக இருக்கிறது என்று பொருள். துப்பக்காவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அப்படிச் சொல்லிச் சொல்லி அங்கே ஒரு வழக்கம் ஏற்பட்டது. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் கதை நிற்கும். ஒவ்வொருவரும் குற்றவாளி யார் என்று சொல்ல வேண்டும். ஆளை மட்டும் சொன்னால் போதாது, காரணமும் சொல்ல வேண்டும். "முழியே சரியில்ல", "பேர் கேட்டாலே திருடன் மாதிரி இருக்கு" போன்றவை செல்லாது. மறுநாள் விடை தெரிந்ததும், தப்பாகச் சொன்னவர்கள் எழுந்து நின்று, "நான் சொன்னது தப்பு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, டீ வாங்கித் தர வேண்டும். டீ வாங்கித் தருவது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. அந்த மூன்று வார்த்தைதான் தொண்டையில் சிக்கியது. மாவு அண்ணன் இருமிக்கொண்டே சொல்லப் பார்ப்பார். "இருமல் வேணாம், சொல்லு" என்பார் துப்பக்கா.

முதலாளியும் சில நாள் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். அவரும் ஆளைச் சொல்வார். எப்போதும் சமையல்காரரையோ தோட்டக்காரரையோதான் சொல்வார். அவர் தோற்றால் டீ வரும். வார்த்தை வராது. யாரும் வற்புறுத்தியதில்லை.

எனக்கு இந்தக் கதைகள்மேல் பழைய கோபம் உண்டு. அதைச் சொன்னேன். "அந்தப் புத்தகங்கள்ல வேலைக்காரங்கன்னா மேஜை நாற்காலி மாதிரி. வெளிநாட்டுக்காரன் வந்தாலே சந்தேகம். ஊர்ப் பணத்துல உக்காந்து சாப்பிடுற ஒரு கூட்டம், அதுல ஒருத்தன் செத்துட்டான்னு நாம ஏன் கவலைப்படணும்?"

துப்பக்கா பல் ஒன்றை விளக்கில் காட்டிச் சூடேற்றிக்கொண்டே சொன்னார்: "தெரியுமே. வேலைக்காரப் பொண்ணு பேசறத கோமாளி பேச்சு மாதிரிதான் எழுதியிருப்பான். நான் சொல்லும்போது அவளை நல்லாப் பேச வச்சிருவேன். யாரு வந்து கேக்கப் போறா?"

"அப்போ உங்களுக்கு அதுல என்னதான் பிடிச்சிருக்கு?"

"பேய் வராது சார். சாமி வந்து கனவுல சொல்லாது. ஜாதகம் பாத்துக் கண்டுபிடிக்க மாட்டாங்க. துப்பறியிறவருக்குத் தெரிஞ்சதெல்லாம் நமக்கும் தெரியணும். ஒளிச்சு வச்சு ஏமாத்தக் கூடாது. அப்படி ஒரு ஒழுங்கு."

உண்மைதான். அந்தக் கால எழுத்தாளர்கள் சிலர் இவற்றைத் தங்களுக்குள் விதிகளாகவே வகுத்துக்கொண்டார்கள். விடை முழுக்கப் புத்தகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வாசகனும் துப்பறிகிறவனும் ஒரே கோட்டில் நின்று ஓட வேண்டும். சாம்ராஜ்யத்தின் திமிரில் ஊறிய ஒரு வர்க்கம், பொழுதுபோக்குக்காக எழுதிய புத்தகத்தில் மட்டும் அறிவுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தது விந்தை. அதில் கால்பங்கை அது ஆண்ட நாடுகளின் நீதிமன்றங்களில் கொடுத்திருக்கலாம்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் துப்பக்கா. "அதுக்கு முன்னாடி நடந்த சண்டையில லட்சம் லட்சமாச் செத்திருக்காங்க. யாரு கொன்னா, எதுக்குக் கொன்னான்னு கேக்க ஒரு நாதியில்ல. கதையில ஒரே ஒருத்தர் செத்தா, வீடே நின்னுபோகுது. காரணம் தெரியற வரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாதுங்கிறாங்க. அதைப் படிக்கத்தான் அந்த ஜனங்களுக்கு ஏக்கமா இருந்திருக்கும்னு எனக்குத் தோணும்."

இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. வேறு விளக்கங்களும் உண்டு. விருந்துக்குப் போக முடியாதவர்கள் விருந்து மேஜையைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கலாம். வேலை போய் வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு, சாவிகொடுத்த கடிகாரம் மாதிரி ஓடுகிற ஓர் உலகம் ஆறுதலாக இருந்திருக்கலாம். எது எத்தனை பங்கு என்று யாராவது ஆராய்ந்து பார்த்தால் நான் படிக்கத் தயார்.

இப்போது பட்டறைக்கு வருவோம்.

பெரிய கிளினிக்கிலிருந்து செட்டுகள் திரும்பி வரத் தொடங்கின. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மெல்லிய விரிசல். கிளினிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: இன்னும் ஒன்று திரும்பி வந்தால் வேறு பட்டறை பார்த்துக்கொள்கிறோம். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். நேரே பிளாஸ்டிக் திரைக்குப் போனார்.

"நீதான்."

பாலிஷ் தம்பி மோட்டாரை நிறுத்தினான். முப்பத்தைந்து வயது ஆள், எல்லோருக்கும் தம்பி. "என்ன சார்?"

"அழுத்திப் பாலிஷ் போட்டா சூடேறி விரிசல் விடும். தெரிஞ்சே செய்யற. அன்னிக்குத் தூசி இழுக்கற மெஷின் கேட்டே, நான் இல்லன்னேன். அந்தக் கடுப்பு."

தூசி இழுக்கும் கருவியை அவன் கேட்டது உண்மை. நாள் முழுக்கப் பொடித்தூள் பறக்கிற அந்த மூலையில் நின்று இருமுகிறவன் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? இன்னொன்றும் உண்மை. பல வருஷத்துக்கு முன்பு ஒரு கடையில் திருட்டுப் போனபோது அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆள் மாறிப்போச்சு என்று பிறகு விட்டுவிட்டார்கள். போலீஸ் விட்டுவிட்டது. மனிதர்கள் விடவில்லை. "உள்ள போய் வந்தவன்" என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. வேலை கேட்ட இடத்தில் எல்லாம் அது அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. இந்தப் பட்டறையில்தான் அதைக் கண்டுகொள்ளாமல் வேலை கொடுத்தார்கள். அதுவும் பழைய முதலாளி கொடுத்தது. இங்கிருந்தும் போனால் இனி யாரும் சேர்க்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

"சனிக்கிழமையோட கணக்கை முடிச்சுக்கோ" என்றார் முதலாளி.

துப்பக்கா எழுந்தார். "சார், சனிக்கிழமை வரைக்கும் எனக்கு டைம் குடுங்க. இது யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன்."

"என்னக்கா, கதையா இது?"

"கதையில கூட இவ்வளவு சீக்கிரம் ஆளைப் பிடிக்க மாட்டாங்க சார்."

மாவு அண்ணன் சிரித்துவிட்டார். முதலாளிக்கும் சிரிப்பு வந்தது போல. சனிக்கிழமை வரைக்கும் என்று ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் துப்பக்கா ஒரு தவறு செய்தார். வருஷக்கணக்கில் அந்தக் கதைகளில் குளித்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு. முதல் அத்தியாயத்தில் சந்தேகிக்கப்படுகிற ஆள் குற்றவாளியாக இருக்கமாட்டான் என்பது அவருக்குப் பாடம். ஆகவே தம்பி இல்லை. அப்படியென்றால் யார்? யார்மேல் சந்தேகமே வராதோ அவர். கூட்டத்தில் சந்தேகமே வராத ஆள் யார்? பேசாத சித்தி.

அதன்பிறகு துப்பக்காவுக்குச் சித்தி செய்ததெல்லாம் துப்பாகத் தெரிந்தது. சித்தி கடைசியாகப் போகிறார். சித்திக்குக் கண் மங்குகிறது. சித்தி ஒருநாள் தன் நாத்தனார் மகனுக்கு இங்கே வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். தம்பி போனால் அந்த இடம் காலியாகும்! எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதே ஆதாரம் என்று நினைக்கிற நோய் அறிவாளிகளையும் விடுவதில்லை.

வீட்டில் அவர் சோறு போட மறந்து உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் எலக்ட்ரீஷியன். எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டு, சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிற பாவி.

"என்ன, இன்னிக்குக் கொலை பலமா?"

"பட்டறையில ஒரு விஷயம். யாருன்னு தெரிஞ்சிருச்சு. சொல்றதுக்குத்தான் மனசு வரல."

"தெரிஞ்சிருச்சா, தோணிச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எனக்கு ரெண்டும் வேற. ஃபியூஸ் போயிருக்கும்னு தோணும். டெஸ்டர் வச்சுப் பாத்தாத்தான் தெரியும். சரி, சோத்தைப் போடு."

சனிக்கிழமை காலை டீ நேரத்தில் துப்பக்கா எல்லோரையும் மேஜையைச் சுற்றி உட்காரவைத்தார். மாளிகையின் வரவேற்பறையில் கடைசி அத்தியாயத்தில் உட்காரவைப்பார்களே, அப்படி. முதலாளி கண்ணாடிக் கதவில் சாய்ந்து நின்றார். தம்பி தன் சாமான் டப்பாவைக் கட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். துப்பக்கா தொண்டையைச் செருமினார். ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் திரும்பினார்.

"சித்தி, நீங்க ஏன் இப்படிப் பண்ணீங்க?"

சித்தி கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார். அந்த மேஜையில் இத்தனை வருஷமாக அவர்கள் இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

"உன் கதை நடுவுல நான் ஒருநாளாவது குறுக்கப் பேசினேனா?" என்றார் சித்தி.

"இல்ல சித்தி."

"அதான் சந்தேகமா?"

துப்பக்கா நாத்தனார் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். தம்பி குறுக்கிட்டான்.

"அக்கா. சித்தி செஞ்சதை யாராவது பாத்தாங்களா?"

"உனக்காகத்தான்டா நான்..."

"எனக்காக வேற ஒருத்தரைத் தள்ளிவிடுவீங்களா? அன்னிக்கு அந்தக் கடையில என்னையும் இப்படித்தான் சொன்னாங்க. 'எல்லாம் பொருந்துது'ன்னாங்க. நான் போறேன்க்கா, பரவால்ல. சித்திய விடுங்க."

துப்பக்கா என்னிடம் இதைச் சொல்லும்போது கையிலிருந்த பல்லை மேஜையில் வைத்துவிட்டார். "சார், தலையில தண்ணி ஊத்தின மாதிரி இருந்துச்சு. நான் வச்ச விதியையே நான் மிதிச்சுட்டேன். உக்காந்துட்டேன்."

அப்போதுதான் சித்தி, வருஷக்கணக்கில் குறுக்கே பேசாத சித்தி, கேட்டார்:

"உன் கதையில பங்களாக்காரரையும் கேப்பாங்கல்ல? 'அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க, என்ன பண்ணிட்டு இருந்தீங்க'ன்னு? அவரு கோவிச்சுக்குவாரு. ஆனாலும் பதில் சொல்லித்தான் ஆகணும். இங்க மட்டும் கீழ இருக்கறவங்களையே சுத்திச் சுத்திக் கேக்கறீங்க?"

யாரும் கண்ணாடிக் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. பிறகு எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னையா?" என்றார் முதலாளி. "நான் என் தொழிலையே கெடுத்துக்குவேனா?"

"நீங்க கெடுத்தீங்கன்னு யாரும் சொல்லல சார்" என்றார் துப்பக்கா. கேட்டால் தன் வேலையும் போகலாம் என்று அவருக்குத் தெரியும். "எங்க எல்லாரையும் கேட்டாச்சு. உங்களையும் கேட்டாத்தான் கணக்கு சரியாகும். செட்டு உங்க கைக்கு வந்தப்புறம் என்ன பண்றீங்க?"

"என்ன பண்ணுவேன்? துடைச்சு, பெட்டியில போட்டு, கட்டி அனுப்பறேன்."

"எதால துடைப்பீங்க?"

"ஸ்பிரிட்டால. போன மழைக்காலத்துல பிளாஸ்டர் வாசனை வருதுன்னு ஒரு நோயாளி சொன்னாராம். அதுலேர்ந்து பளபளன்னு துடைச்சுத்தான் அனுப்பறேன்."

மாவு அண்ணன் கையை உதறினார். "ஸ்பிரிட்டாலயா விரிசல் விடும்? போங்க சார். விளக்குல தினம் ஊத்துறோம், என் கையே இன்னும் விரியல."

தம்பி மெதுவாகக் கேட்டான்: "சார், மத்த டாக்டருங்களுக்குப் போற செட்டையும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பீங்களா?"

"அதுக்கெல்லாம் எவன் மெனக்கெடுவான்? அதைச் சித்தி துணியில சுத்தி அனுப்பிருவாங்க."

"அதுல ஒண்ணுகூட திரும்பி வரல சார். ரெண்டையும் நான்தான் பாலிஷ் பண்றேன். ஒரே மோட்டார். ஒரே கை."

முதலாளி தன் அறை மேஜையில் இருந்த ஸ்பிரிட் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

இதிலும் ஆளைச் சொன்னால் போதாது அல்லவா? துப்பக்கா அவசரப்படவில்லை. இந்த முறை கணவரின் டெஸ்டர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒரே நாளில் வெந்த, யாருக்கும் சொந்தமில்லாத இரண்டு மாதிரிப் பிளாஸ்டிக் தகடுகளை எடுத்தார். இரண்டையும் எல்லோர் முன்னாலும் தம்பியே பாலிஷ் போட்டான். ஒன்றைச் சித்தி ஈரத்துணியில் சுற்றினார். மற்றதை முதலாளியே வழக்கம் போல ஸ்பிரிட்டில் நன்றாகத் துடைத்து, அட்டைப்பெட்டியில் போட்டு, நூல் கட்டினார். இரண்டையும் மேஜை நடுவில் வைத்தார்கள். தம்பியின் டப்பா கட்டியபடியே கதவோரம் இருந்தது.

திங்கட்கிழமை பிரித்தார்கள். துணிக்குள் இருந்தது பிறந்த குழந்தையின் ஈறு போல வழவழவென்று இருந்தது. பெட்டிக்குள் இருந்ததில் ஒளி படும்படி சாய்த்துப் பார்த்தால், வறண்ட குளத்து மண்.

குற்றவாளி இல்லை. கொலையே இல்லை. அக்கறையாகத் துடைத்த ஒரு கை மட்டும்தான். என் செட்டையும் அந்தக் கைதான் துடைத்திருக்கிறது.

வாசகர்களே, நானும் உங்களிடம் எதையும் ஒளிக்கவில்லை. கண்ணாடி அறையை வர்ணிக்கும்போதே ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் கிளினிக் பெட்டிகளையும் ஒன்றாக வைத்துக் காட்டினேன். நீங்கள் அந்தப் பக்கம் பார்த்தீர்களா, திரைக்குள் இருமுகிற ஆளைப் பார்த்தீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முதலாளி தகடை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "சரி சரி. இனிமே ஸ்பிரிட் வேணாம். வேலையைப் பாருங்க" என்றார்.

எனக்கு இந்த இடத்தில்தான் ரத்தம் கொதித்தது. இதே தவறைத் தெரியாமல் தம்பி செய்திருந்தால் அவன் தெருவில் நின்றிருப்பான். வேறொருவர் தெரியாமல் செய்ததற்கு "சரி சரி". தவறு ஒன்று, அது செய்தவரின் நாற்காலியைப் பொறுத்து ஒருவருக்குக் குற்றமாகவும் இன்னொருவருக்குக் கைத்தவறாகவும் மாறிவிடுகிறது. உலகத்தின் பாதிச் சட்டப் புத்தகங்களில் இந்த ஒரு வரிதான் வேறு வேறு சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் பட்டறையில் யாரும் வேலையைப் பார்க்கவில்லை. துப்பக்கா எழுந்து நின்றார்.

"நான் சொன்னது தப்பு. சித்தி, நான் சொன்னது தப்பு."

சித்தி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "டீயை வாங்கு. அழுகையை அப்புறம் வச்சுக்கலாம்."

துப்பக்கா உட்கார்ந்த பிறகும் மோட்டார் ஓடவில்லை. தம்பி திரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். மாவு அண்ணன் பிளாஸ்டர் கிண்ணத்தைக் கலக்காமல் கையில் வைத்திருந்தார். துப்பக்கா முதலாளியைப் பார்த்துச் சொன்னார்:

"சார், நீங்களும் ஒரு ஆளைச் சொன்னீங்க."

முதலாளி சட்டைப்பையில் கைவிட்டார். "அவ்வளவுதானே, எல்லாருக்கும் இன்னிக்கு என் டீ."

"டீ நான் வாங்கறேன் சார். மீதிதான் பாக்கி."

கண்ணாடிக் கதவு அரைகுறையாகத் திறந்திருந்தது. அவர் உள்ளே போய் அதைச் சாத்தியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க முடியாது. பட்டறை அவருடையது. அவர் தரையைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"சார், கேக்கல" என்றார் மாவு அண்ணன். "இருமல் மாதிரி இருந்துச்சு."

எல்லோருக்கும் சிரிப்பு முட்டியது; யாரும் சிரிக்கவில்லை. முதலாளி நிமிர்ந்தார். தம்பியைப் பார்த்தார். "நான் சொன்னது தப்பு" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "அந்த டப்பாவைப் பிரிச்சு வை" என்றார்.

தம்பி திரைக்குள் போனான். மோட்டார் ஓடத் தொடங்கியது.

நான் என் செட்டை வாங்கப் போனபோது புதுக் கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு தீவு, ஒரு ராணுவ மேஜர், விஷம். இப்போது சித்தியும் குறுக்கே பேசுகிறார். தூசி இழுக்கும் கருவி இன்னும் வரவில்லை. விலை விசாரித்திருப்பதாக முதலாளி சொல்கிறார். அதைக் கேட்பதை யாரும் நிறுத்தவில்லை. வரும் வரைக்கும் கதையில் வருகிற ஒவ்வொரு பிணத்துக்கும் சாவுக்குக் காரணம் தூசிதான் என்று சொல்லப்போவதாக மாவு அண்ணன் அறிவித்திருக்கிறார்.

உங்கள் அலுவலகத்திலோ வீட்டிலோ கடையிலோ நாளைக்கு ஏதோ ஒன்று உடையும், தொலையும், கெடும். ஒரு விரல் யாரோ ஒருவரை நோக்கி நீளும். அது உங்கள் விரலாகவே இருக்கலாம். அப்போது முதலில், நடந்தது குற்றம்தானா என்று கேளுங்கள். பிறகு அங்கிருக்கும் எல்லோரிடமும், பெரிய நாற்காலியில் இருப்பவரையும் விடாமல், என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை, கேளுங்கள். விடை தெரிந்ததும் நீங்கள் தவறாகச் சொல்லியிருந்தால், டீயோடு நிறுத்தாதீர்கள். எழுந்து நின்று அந்த மூன்று வார்த்தையையும், இருமாமல் சொல்லுங்கள்.